அப்பாவின் தாடை அறுவைக்கு எத்தனை நாள் லீவு சொல்வது?

கேள்வி:

என் அப்பாவுக்கு வயது 61. அருப்புக்கோட்டைப் பக்கம் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறார். வெகுகாலமாகப் புகையிலை போடும் பழக்கம். இடது கீழ்த்தாடை ஈறில் ஆறாத புண் வந்து, சதைப் பரிசோதனையில் புற்றுநோய் என்று தெரிந்தது. தாடை எலும்பில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, காலிலிருந்து எலும்பும் தோலும் எடுத்து அந்த இடத்தில் வைக்கப் போகிறார்கள். இன்னும் மூன்று வாரத்தில் அறுவை சிகிச்சை. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. மூன்று மாதத்தில் 62 கிலோவிலிருந்து 53 கிலோவுக்கு வந்துவிட்டார். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி. தங்கை மதுரையில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். மருத்துவரிடம் கேட்டால், “பத்துப் பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், அதற்குமேல் அப்புறம் பார்க்கலாம்” என்கிறார். “காலையும் கெடுத்து வாயையும் கெடுக்கப் போகிறார்கள்” என்று சித்தப்பா பயமுறுத்துகிறார். கம்பெனியில் எத்தனை நாள் லீவு கேட்பது? அப்பா எப்போது சாப்பிடுவார், எப்போது பேசுவார், எப்போது கடையில் உட்காருவார்? இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல முடியாதா, ஐயா?

பதில்:

தம்பி, தேதி போட்டுச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் எந்தக் கட்டத்தில் அப்பாவுக்கு எந்த வேலைக்கு அடுத்தவர் கை தேவைப்படும் என்பதைப் பெருமளவு முன்பே சொல்லிவிடலாம். தலை, கழுத்துப் புற்றுநோய் அறுவையையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதைக் கணிப்பதற்கான விவரங்களில் பாதி அறுவை அரங்கில் இல்லை, உங்கள் வீட்டில் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளமாகப் போகிறது.

உங்கள் மருத்துவர் “அப்புறம் பார்க்கலாம்” என்றதைத் தட்டிக்கழிப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எடுத்த கட்டியின் விளிம்பு சுத்தமாக இருக்கிறதா, கழுத்து நெறிக்கட்டிகளில் நோய் பரவியிருக்கிறதா என்ற ஆய்வக அறிக்கை அறுவைக்குப் பிறகுதான் வரும். கதிர்வீச்சு, நம் பக்கத்தில் சொல்வதுபோல ‘கரண்ட்’, வைக்க வேண்டுமா என்பதை அதை வைத்தே முடிவு செய்வார்கள். நோய் தாடை எலும்புக்குள்ளேயே இறங்கியிருந்தால் பெரும்பாலும் வைக்க வேண்டியிருக்கும். ஆகவே, வைப்பார்கள் என்றே நினைத்துத் திட்டம் போடுங்கள்.

அமெரிக்க அறுவை மருத்துவர்கள் கல்லூரி ஒரு கணிப்பானை இணையத்தில் வைத்திருக்கிறது. வயது, சர்க்கரை, புகைப்பழக்கம் போன்ற விவரங்களைக் கொடுத்தால் என்னென்ன சிக்கல் வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும். தாடை, நாக்கு மறுசீரமைப்பு அறுவைகளில், குறிப்பாக எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்பதில், அதன் கணிப்பு நம்பும்படி இல்லை என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அது தரும் விடைகளில் ஒன்று, நோயாளி நேராக வீட்டுக்குப் போகாமல் பராமரிப்பு இல்லத்துக்குப் போக நேரும் வாய்ப்பு எவ்வளவு என்பது. உங்கள் அப்பாவுக்கு அந்த இல்லம் அருப்புக்கோட்டை வீடுதான். அங்கே நர்ஸ் உங்கள் அம்மா. அவருடைய மூட்டுவலியும் கணக்கில் சேர வேண்டும் என்பதை எந்தக் கணிப்பானும் கேட்காது.

அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது அந்த ஒன்பது கிலோ. உடல் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் இழந்து அறுவைக்கு வருபவருக்குக் காயம் ஆறத் தாமதமாகும், தொற்று வரும், வாய்த் தையல் பிரிந்து கழுத்து வழியாக எச்சில் கசியும் வாய்ப்பும் கூடும். அப்படிக் கசிந்தால் வாரக்கணக்கில் ட்யூப் சாப்பாடுதான். கதிர்வீச்சும் தள்ளிப்போகும். ஆனால் நம் கையால் மாற்றக்கூடியதும் இதுதான், அதற்கு மூன்று வாரம் இருக்கிறது. 53 கிலோ மனிதருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 64 முதல் 80 கிராம் புரதமும் சுமார் 1,600 கலோரியும் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய அதே அளவு. காரமில்லாமல் முட்டை, குழைய வேகவைத்த பருப்பு, வேர்க்கடலையைப் பொடித்துக் கலந்த கஞ்சி, பால், தயிர் என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

இந்த இடத்தில் நம் வீடுகளில் இரண்டு தடைகள் வரும். ஒன்று, சர்க்கரை இருக்கிறதே என்று சாப்பாட்டைக் குறைப்பது. இப்போது அதைச் செய்யவே கூடாது. சர்க்கரையை மாத்திரையாலும் இன்சுலினாலும் கட்டுப்படுத்தட்டும், பட்டினியால் வேண்டாம். இன்னொன்று, முட்டையும் மீனும் கட்டியை வளர்க்கும் என்ற பேச்சு. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல நாள் கிட்டத்தட்ட ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தவர் என்றால் உணவைத் திடீரென்று கூட்டக் கூடாது, உடம்பில் பாஸ்பரஸ், பொட்டாசியம் அளவுகள் ஆபத்தாக இறங்கிவிடும். உணவியல் நிபுணரின் சொற்படி படிப்படியாகக் கூட்டுங்கள். வலியால் விழுங்கவே முடியவில்லை என்றால் அறுவைக்கு முன்பே மூக்கு வழியாக ட்யூப் போட்டு உணவு கொடுக்கலாமா என்று கேளுங்கள். பலர் அதைத் தோல்விபோல நினைத்து மறுக்கிறார்கள். அது சிகிச்சையின் முதல் படி.

அடுத்து, நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். அப்பா குடிப்பாரா? புகையிலையை ஒப்புக்கொள்ளும் குடும்பங்கள்கூடக் குடியை மறைப்பதை அடிக்கடி பார்க்கிறேன். நோயாளி “எப்போதாவது” என்பார். மனைவி தலைகுனிந்து நிற்பார். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தும்போது முதல் நாளே கை நடுக்கம் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள், குழாய்களைப் பிடுங்குவார், கட்டிலைவிட்டு இறங்கப் பார்ப்பார். காலிலிருந்து எடுத்து வைக்கும் எலும்புக்காகக் கழுத்தில் புதிதாக இணைத்த ரத்தக்குழாய்களுக்கும் மிக ஆபத்தான நாட்கள் அவையே. முன்பே தெரிந்தால் மருந்தாலும் பி1 வைட்டமினாலும் இதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஆகவே எத்தனை வருடம், எவ்வளவு, கடைசியாக எப்போது என்பதை மயக்க மருத்துவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். அப்பாவின் மானம் இதனால் போகாது. புகையிலையை இன்றைக்கே நிறுத்த வேண்டும். நிகோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும்.

வாய் எவ்வளவு திறக்கிறது என்பதையும் இன்றே பாருங்கள். மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே அவருடைய மூன்று விரல்களைச் செங்குத்தாக நுழைக்கச் சொல்லுங்கள். இரண்டு விரல்தான் நுழைகிறது என்றால் வாய் ஏற்கெனவே இறுகத் தொடங்கியிருக்கிறது. பாக்குடன் புகையிலை மென்றவர்களிடம் இது சாதாரணம். இப்போதே குறைவாகத் திறப்பவருக்கு அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் பிறகு இன்னும் குறையும். அவருக்கு வாய்ப்பயிற்சி மாதக்கணக்கில் தேவைப்படும்.

சித்தப்பாவுக்கு ஒரு பதில். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உண்டு. உடலின் பாரத்தைத் தாங்குவது உள்பக்கத்துப் பெரிய எலும்பு. தாடைக்கு எடுப்பது வெளிப்பக்கத்து ஒல்லி எலும்பின் நடுப்பகுதியை. முழங்காலும் கணுக்காலும் ஆட்டம் காணாமல் இருக்க இரு முனைகளிலும் சில அங்குலம் விட்டுவிடுவார்கள். 1989இல் நியூயார்க்கில் டேவிட் ஹிடால்கோ என்ற மருத்துவர் இந்த எலும்பால் தாடை அமைக்கும் முறையை வெளியிட்டார். அதன்பின் உலகெங்கும் இது வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. அப்பா நன்றாகவே நடப்பார். கணுக்கால் சில மாதம் விறைப்பாக இருக்கும், கால் கட்டைவிரலை மடக்கும் வலு குறையும், தோல் ஒட்டிய இடம் ஆற நேரம் எடுக்கும். ஆனால் குந்தி உட்கார்ந்து எழும் கழிப்பறை பல வாரங்களுக்கு முடியாது. வீட்டில் தரையோடு இருக்கும் கழிப்பறைதான் என்றால் துளையிட்ட கமோடு நாற்காலி ஒன்றை இப்போதே வாங்கி வையுங்கள். அறுவையன்று யாரும் யோசிக்காத, வீடு திரும்பிய முதல் காலையில் எல்லோரும் திண்டாடும் விஷயம் இது. இன்னொன்று: சர்க்கரையும் புகையிலையும் உள்ளவருக்குக் காலின் ரத்தக்குழாய்களிலும் அடைப்பு இருக்கலாம். கால் ரத்தக்குழாய் ஸ்கேன் எடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். அடைப்பு இருந்தால் வேறு இடத்து எலும்பு, அல்லது மார்புத் தசை என்று திட்டமே மாறும். அப்போது நான் கீழே சொல்லும் நாட்களும் மாறும்.

அறுவை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் போகலாம். நேரமாகிறதே என்று பதறாதீர்கள். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அகல ரத்தக்குழாய்களை மைக்ராஸ்கோப்பின் கீழ் தலைமுடியைவிட மெல்லிய இழையால் தைக்கிறார்கள். முதல் இரண்டு மூன்று நாள் ஐசியூவில் மணிக்கொரு தரம் வாய்க்குள் டார்ச் அடித்து, வைத்த தோலின் நிறத்தைப் பார்ப்பார்கள். நீலமாகக் கறுத்தால் ரத்தம் வெளியேறவில்லை, வெளுத்தால் உள்ளே வரவில்லை. அப்படியானால் நள்ளிரவிலும் மறுபடி அரங்குக்குக் கொண்டுபோவார்கள். உடனே கண்டுபிடித்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அனுபவமுள்ள இடங்களில் நூற்றில் 95க்கு மேல் ஒட்டிக்கொள்கின்றன.

அம்மாவை இதற்குத் தயார்படுத்துங்கள். முகம் அடையாளம் தெரியாத அளவு வீங்கியிருக்கும். தொண்டையில் துளையிட்டு மூச்சுக்குழாய் வைத்திருந்தால் அந்த நாட்களில் குரல் வராது. அப்பா கடைக் கணக்கு எழுதிப் பழகியவர், ஒரு நோட்டும் பேனாவும் போதும். அந்தக் குழாயைப் பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பும் முன்பே எடுத்துவிடுவார்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். முதல் ஒன்று, இரண்டு வாரம் வாய் வழியாக எதுவும் கிடையாது. பலர் மூக்கு ட்யூபோடுதான் வீடு திரும்புகிறார்கள். உங்கள் குடும்பத்தின் நிஜமான வேலை இங்கே தொடங்குகிறது. சாய்வாக அல்ல, நன்றாக நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். மூக்கருகே ட்யூபில் போட்ட அடையாளம் இடம் மாறாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். மெல்லிய துணியில் வடிகட்டிய கஞ்சியை ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி, சிரிஞ்சை உயர்த்திப் பிடித்துத் தானாக இறங்கவிட வேண்டும், பிஸ்டனை வைத்துத் தள்ளக் கூடாது. முடிந்ததும் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். அதன்பின் முக்கால் மணி நேரமாவது படுக்கவிடக் கூடாது. ட்யூப் வெளியே வந்துவிட்டால் வீட்டில் திரும்பச் செருகவே கூடாது, வழி தவறி நுரையீரலுக்குப் போகும். ஒரு நாளைக்கு ஆறு ஏழு முறை நடக்கும் வேலை இது. நர்ஸ் செய்வதை அம்மா வேடிக்கை பார்த்தால் போதாது. வீட்டுக்கு அனுப்பும் முன் இரண்டு நாளாவது வார்டில், நர்ஸ் பக்கத்தில் நிற்க, அம்மாவும் நீங்களும் உங்கள் கையாலேயே கொடுத்துப் பழகுங்கள்.

பேச்சும் விழுங்குவதும் எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது தாடையைவிட நாக்கு. “நாக்கில் எவ்வளவு எடுப்பீர்கள்?” என்று அறுவை மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். நாக்கைத் தொடவில்லை என்றால் அப்பாவின் பேச்சு கடைக்கு வருபவர்களுக்குப் புரியும்படி திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது. பாதி நாக்கும் சேர்ந்து போனால் பேச்சுப் பயிற்சியாளரிடம் மாதக்கணக்கில் போக வேண்டியிருக்கும். எப்படியானாலும் இடது கீழ் உதடு மரத்துத்தான் போகும், தாடைக்குள் ஓடும் நரம்பும் எலும்போடு போய்விடுவதால். காப்பி ஓரத்தில் வழியும், அவருக்கே தெரியாது. தோளில் துண்டு எப்போதும் இருக்கட்டும், வீட்டில் யாரும் அதைச் சுட்டிக்காட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். தொண்டையும் வாயும் தேறியதும் கூழ், பிறகு சாம்பாரில் ஊறிய இட்லி, குழைந்த சாதம் என்று மெல்ல நகரலாம்.

கடையைப் பற்றி இன்னொரு செய்தி. கழுத்து நெறிக்கட்டிகளை எடுக்கும்போது தோளைத் தூக்கும் நரம்பைக் காப்பாற்றினாலும் அது சில மாதம் களைத்துப்போகும். கை தோளுக்கு மேல் ஏறாது. பயிற்சியை விடாமல் செய்தால் பலருக்குத் தேறும். ஆனால் அரிசி மூட்டை தூக்குவது, மேல் அலமாரிச் சரக்கை எடுப்பது எல்லாம் அப்பாவின் வேலையாக இனி இருக்க வேண்டாம். கடைக்கு ஒரு பையனை இப்போதே பாருங்கள்.

இனி லீவு. உங்களிடம் இருக்கும் நாட்களை மொத்தமாக இப்போதே எடுத்துவிடாதீர்கள். அறுவையைச் சுற்றித்தான் கஷ்டம் என்று நினைத்து எல்லா லீவையும் அங்கே செலவழித்துவிட்டு, கதிர்வீச்சின் நான்காம் வாரத்தில் ஆளில்லாமல் நிற்கும் குடும்பங்கள்தான் அதிகம். இந்தச் சிகிச்சையில் இரண்டு பள்ளங்கள் உண்டு. முதலாவது, அறுவையும் வீடு திரும்பிய முதல் பத்து நாளும். அறுவைக்கு இரண்டு நாள் முன்னதாகத் தொடங்கி மூன்று, நான்கு வாரம் லீவு சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் முதல் பத்து நாள் இரவில் தூங்காமல் எழுந்து பார்க்கக்கூடிய ஒருவர் வேண்டும். மூட்டுவலிக்கார அம்மாவால் இரவையும் பகலையும் சேர்த்துத் தாங்க முடியாது.

இரண்டாவது பள்ளம் கதிர்வீச்சு. அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். வாரம் ஐந்து நாள் வீதம் ஏறக்குறைய ஆறு வாரம். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது. மூன்றாம் வாரம் வாயெல்லாம் புண் ஆகும், சுவை போகும், திரும்ப எடை இறங்கும். ஐந்தாம் வாரத்திலிருந்து முடிந்து இரண்டு மூன்று வாரம்வரை மிகக் கடினம். உங்கள் இரண்டாவது லீவு அதற்கு, மூன்று வாரமாவது வைத்துக்கொள்ளுங்கள். மதுரையிலேயே கதிர்வீச்சு வைத்துக்கொள்ள முடிந்தால் அப்பா தங்கை வீட்டில் தங்கலாம். குழந்தைக்கு ஆகாதோ என்று தங்கை பயப்பட வேண்டாம். வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு இயந்திரம் நின்றதும் முடிந்துவிடும், அப்பாவின் உடம்பில் தங்காது. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

கதிர்வீச்சு வேண்டாம் என்று முடிவானால் இரண்டு மூன்று மாதத்தில் கல்லாவில் சில மணி நேரம் உட்காருவார். வைத்தால் அறுவையிலிருந்து ஐந்து, ஆறு மாதம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். தையல் கசிவோ தொற்றோ வந்தால் இன்னும் ஒரு மாதம் கூடும்.

பணத்துக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இருக்கிறதா, அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா, அறுவையும் கதிர்வீச்சும் தனித்தனியாக ஒப்புதல் பெற வேண்டுமா என்று காப்பீட்டு மேசையில் கேளுங்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே பெயரைச் சொல்லி வையுங்கள்.

வீட்டில் இருக்கும்போது வாயிலோ கழுத்திலோ ரத்தம், மூச்சுத் திணறல், காய்ச்சல், கழுத்துக் காயத்தில் நாற்றமுள்ள கசிவு, கெண்டைக்காலில் வலியோடு வீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். ரத்தமோ மூச்சுத் திணறலோ என்றால் 108. கதிர்வீச்சு முடிந்தபின் ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை தைராய்டு பரிசோதனை வேண்டும். ஆயுள் முழுக்க, புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் பல் பிடுங்கவே கூடாது.

மயக்க மருத்துவர் பரிசோதனைக்கு அழைக்கும் நாளில் நீங்களும் தங்கையும் சேர்ந்தே போங்கள். நாக்கு எவ்வளவு, கால் ரத்தக்குழாய் எப்படி, ட்யூப் உணவு இப்போதே தேவையா, கதிர்வீச்சு எங்கே என்ற நான்கையும் கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை வாரத்துக்கு இரண்டு முறை ஒரே தராசில் அப்பாவின் எடையைக் குறித்து வாருங்கள். 53 கிலோவுக்குக் கீழே போனால் அறுவைத் தேதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவருக்குச் சொல்லுங்கள்.